பொருள்: வெயில் தொடர்பாக

திங்கட்கிழமை.
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
புங்கமரத்தை வெட்டிய இடத்தில்
நீலத் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்.
பட்டா, விதவைப் பென்ஷன், பாதைத் தகராறு,
அண்ணன் வளைத்துப்போட்ட அரை சென்ட்.
யார் வந்தாலும் முகத்தைப் பார்த்தே
பொருள் இன்னதென்று சொல்லிவிடுவேன்.
பத்தொன்பது வருஷப் பழக்கம்.

இந்த மூன்று பேரைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
சீருடை. மட்டம் போட்ட முகமும் இல்லை.
டி. கல்லுப்பட்டிப் பக்கமிருந்து
இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள்.
"யார் மேல புகார்?" என்றேன்.
"வெயில் மேல" என்றான் சோனைமுத்து.
"லூசு, வெயில் மேல இல்ல,
கூரை மேல" என்றாள் ரிஸ்வானா.
ஜெஸ்லின் எதுவும் பேசாமல்
நாற்பது பக்க நோட்டை நீட்டினாள்.

ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
தகரத்துக்குக் கீழே, கரும்பலகைக்குப் பக்கத்தில்
ஆணியில் தொங்கும் தெர்மாமீட்டர்.
நாளுக்கு மூன்று தடவை, அறுபத்திரண்டு நாள்,
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு.
மதியம் இரண்டு மணிக் கட்டத்தில்
நாற்பதுக்குக் கீழே இறங்கிய எண்ணைத்
தேடித்தான் பார்க்க வேண்டும்.
யார் செய்யச் சொன்னது என்று கேட்டேன்.
"புத்தகத்துல கடைசிப் பாடம்க்கா.
பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டாங்க.
வராததையாச்சும் படிப்போமேன்னு."

மனு ஒரு பக்கம்தான் இருக்க வேண்டும்.
இரண்டாம் பக்கத்தை உள்ளே
யாரும் திருப்பி நான் பார்த்ததில்லை.
எதை வைக்க, எதை விட?
என் மேஜை மேலேயே சண்டை.
நாற்பத்து மூன்றரை ஏறிய நாளை
விடவே மாட்டேன் என்றான் சோனைமுத்து.
ஆறாம் வகுப்புப் பையனுக்கு
மூக்கில் ரத்தம் வந்த நாள் என்றாள் ரிஸ்வானா.
ஜெஸ்லின் விரல் வைத்தது
எதுவுமே எழுதாத ஒரு வரிசையில்.
மார்ச் பதினெட்டு. மூன்று கட்டமும் வெறுமை.
"அன்னைக்கு அளக்குற முறை என்னுது.
மயங்கிட்டேன். அதைப் போடுங்க."
"காலியா இருக்குறத எப்படிம்மா எழுத?"
"காலின்னு எழுதுங்க."

எழுதினேன்.

கருகிய நெல்லுக்கு நிவாரணம் கேட்டவர்,
நூறுநாள் வேலையில் மண்வெட்டியோடு
சுருண்டு விழுந்த மாரக்காளின் புருஷன்,
கண்மாய் வெடித்து மாட்டை விற்றவர்
என்று இந்த மேஜைக்கு வந்தவர்களுக்கெல்லாம்
வேறு வேறு பொருள் போட்டு
ஒரே மனுவைத்தான் இத்தனை வருஷமாக
நகல் எடுத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.
பேனாவை ஒருமுறை உதறிக்கொண்டேன்.

கோரிக்கை என்ன?
கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு.
வடக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்.
ரோட்டை அகலப்படுத்த நம்பர் போட்டிருக்கும்
பள்ளிக்கு முன்னாலுள்ள ஏழு புளியமரங்களை
விட்டுவிடுவது.
"மரம் ஹைவேஸ்காரங்களோடது. அது வேற மனு."
"வெயிலு ஒண்ணுதானேக்கா?"
இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்.
மாணவர் சலுகை உண்டா என்றாள் ரிஸ்வானா.
பத்து ரூபாய் குறைத்தேன்.
சில்லறையாக எண்ணி வைத்தார்கள்.

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது
கையில் ரசீது இருந்தது.
துறை என்ற இடத்தில் 'இதர' என்று அச்சாகியிருந்தது.
சோனைமுத்துக்கு முகம் கறுத்துவிட்டது.
"நம்பர் குடுத்துருக்காங்கள்ல,
அடுத்த திங்கள் இந்த நம்பரக் கேப்போம்"
என்று ரிஸ்வானா அதை மடித்து
ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தாள்.

ஜெஸ்லின் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து
என் தார்ப்பாய்க் கம்பில் மாட்டினாள்.
அது ஏறும்வரை மூன்று பேரும்
என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்தார்கள்.
நாற்பத்தொன்று.
நோட்டில் புதுப் பக்கம் திருப்பிக் கட்டம் போட்டாள்.
"எத்தனை மணியில இருந்து இங்க உட்காருவீங்க?"
சொன்னேன்.
"பேரு?"
"அது எதுக்கு?"
"அனுப்புநர்னு போடணும்லக்கா."