வளர்ப்பு

கூட்டுறவு வங்கிக் கடன் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில்
தொழிலுக்கென்று கட்டங்கள் இருந்தன.
கறவை மாடு வளர்ப்பு.
ஆடு வளர்ப்பு. கோழி வளர்ப்பு.
உள்நாட்டு மீன் வளர்ப்பு.
வாத்துக்குக்கூடத் தனியாக ஒரு கட்டம்.

இடுப்பில் இருந்த நிறைமொழி
சணலில் கட்டிய பேனாவை
வாயில் வைக்கப் போனாள்.
பிடுங்கவில்லை. சாவிக்கொத்தை ஆட்டினேன்;
பேனா தானாக விழுந்தது.
எழுத்தர் அதைப் பார்த்துவிட்டு
"உங்க குழந்தையா?" என்றார்.
"இல்ல சார், என் வேலை."

அவர் 'வீட்டு வேலை' என்று எழுத ஆரம்பித்தார்.
'வீ' வரை வந்திருந்தது.

வீட்டு வேலையும் செய்திருக்கிறேன்.
கீழவாசலில் மூன்று வீட்டுப் பாத்திரம்.
அதற்கு முன் திருப்பூரில் பிசிர் வெட்டினேன்,
நாளைக்கு எண்ணூறு பனியன்.
கண்ணை மூடினால் பனியன்.
ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இது வேறு.
பசி அழுகை ஏறி ஏறி வரும்.
தூக்க அழுகை இழுத்துக்கொண்டே போகும்.
காது வலி என்றால் நடுவில் அறுந்து
தலையைத் தோளில் தேய்க்கும்.
இவளுக்கு ஒரு வயதில் அப்படித் தேய்த்தபோது
"வெறும் சளி" என்றார் இவள் அம்மா. அவரே டாக்டர்.
மறுநாள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.
என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த மாதச் சம்பளத்தில்
ஐந்நூறு கூடுதலாக இருந்தது.
நான் கேட்டு வாங்கிய எந்த ஐந்நூறும்
அவ்வளவு கனமில்லை.

நாத்தனார் மட்டும் ஊரில்
நான் தஞ்சாவூரில் ஏதோ கம்பெனியில் இருப்பதாகச்
சொல்லி வைத்திருக்கிறாள்.
என்ன கம்பெனி என்று யாரும் கேட்டால்
அவள் பாடு.

ஜூன் கடைசியில் புது ஆற்றில் தண்ணீர் வந்தது.
பாலத்தில் நின்று பார்த்தோம், நானும் நிறைமொழியும்.
முதலில் நுரை, பிறகு ஒற்றைச் செருப்பு,
தெர்மாகோல், காய்ந்த பூமாலை,
அப்புறம்தான் தண்ணீர் என்று சொல்லத்தக்க தண்ணீர்.
"எங்க போது?"
ஒரத்தநாட்டுக்கு.
"அப்றம்?"
பட்டுக்கோட்டைக்கு.
"அப்றம்?"
அதற்குமேல் எனக்குத் தெரியாது.
மதகடியில் நின்ற லஸ்கரிடம் கேட்டேன்.
"கடைமடை வரைக்கும் போனா உண்டு" என்றார்,
பீடியை வாயிலிருந்து எடுக்காமலே.

பார்கவ் என்று ஒருவனை
மூன்று வயது வரை வளர்த்தேன்.
அவன் அப்பாவுக்கு மாற்றல், ஓசூர் போனார்கள்.
கிளம்பிய அன்று வேன் கண்ணாடியில்
நாக்கை ஒட்டவைத்துக் காட்டினான்.
நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து
பழைய பஸ் ஸ்டாண்டு பழக்கடையில் அவன்.
"யாரு தெரியுதா? சகாயம் ஆன்ட்டிடா,"
அவன் அம்மாதான் சொன்னாள்.
தெரியவில்லை அவனுக்கு.
மரியாதைக்குச் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே கையிலிருந்த வாழைப்பழத்தை,
காம்பை விட்டுவிட்டு,
அடி நுனியைக் கிள்ளி உரித்தான்.

நான் சொல்லிக்கொடுத்தது அது.
காம்புப் பக்கம் நசுங்கும்,
இந்தப் பக்கம் கிள்ளுடா கண்ணு என்று
நூறு பழம் வீணாக்கிச் சொல்லிக்கொடுத்தது.

வல்லம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்,
உட்கார இடம் இருந்தும்.

"அடிச்சிடுங்க சார்.
பிள்ளை வளர்ப்புன்னு எழுதுங்க."
"அப்படிக் கட்டம் இல்லையேம்மா."
"இதரன்னு இருக்கு பாருங்க, கடைசியில."
எழுதினார். அடுத்த வரியைப் படித்தார்:
"உருப்படிகளின் எண்ணிக்கை?"
படித்த பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது.
"அஞ்சு சார். இப்போ கையில ஒண்ணு."
"கடன் எதுக்கு?"
"பழைய ஸ்கூட்டி. முன்னால நிக்க ஆள் இருக்கு."

கையெழுத்துப் போடும்போது
பேனாவை அவளும் சேர்த்துப் பிடித்தாள்.
சகாயராணியில் ணி மட்டும்
கோட்டைத் தாண்டி
மேலாளர் கையெழுத்துக்கான இடத்துக்குப் போய்விட்டது.
"பரவாயில்ல விடுங்க" என்றார்.

மணி பன்னிரண்டே கால்.
பருப்பு இன்னும் குக்கரில் ஏறவில்லை.