புள்ளி

பள்ளத்தூரில் அந்த வீட்டுக்கு
முப்பத்தொரு புள்ளி பங்கு.
பினாங்கில் ஒருவர், டல்லாஸில் மூவர்.
கையெழுத்துப் போடாமலே செத்துப்போனவருக்கு
வாரிசுச் சான்றிதழ் வர எட்டு மாதம்.

என் நோட்டிலும் புள்ளிதான்.
வந்தவர் பெயருக்கு நேரே ஒன்று.
பத்து நிமிஷம் பிந்தினால் பாதி.
பாதிப் புள்ளி எப்படி வைப்பது என்று
காண்ட்ராக்டர் மெய்யநாதன் காட்டிக்கொடுத்தார்:
"வட்டம் போட்டு உள்ளே நிரப்பாம விடு."
பி.காம்., ஒரு அரியர்.
கடைசி வரியில் என் பெயர்.
எனக்கு நானே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வேலை, எண் எழுதுவது.
முகப்புத் தூண் மு-1 தொடங்கி மு-12 வரை,
பிறகு வளவு, பட்டாலை, இரண்டாங்கட்டு.
உத்திரம், போதிகை, நிலை, சட்டம்
எல்லாவற்றின் அடியிலும் சாக்பீஸால் எழுதிவிட்டால்
கோவளத்தில் கடலைப் பார்த்தபடி
இதே வீடு இதே மாதிரி எழுந்து நிற்குமாம்.
ஒரு ராத்திரிக்கு இருபத்திரண்டாயிரம்,
காலை இட்லி சேர்த்து.

போதிகை நழுவி அடைக்கலத்தின் சுண்டுவிரல் போன அன்று
"எது விழுந்துச்சு?" என்று போனில் கேட்டார்.
வ-9 என்றேன்.
கீறல் இல்லை என்றும் சொன்னேன்,
அவர் கேட்பதற்கு முன்பே.

ராக்கு ஆப்புப் பிடுங்குகிறவள்.
சாரத்தின் உச்சியில் ஒற்றைக்காலை மடித்து உட்கார்ந்து
மரத்தில் காதை வைத்துத் தட்டுவாள்.
எந்த ஆப்பை முதலில் எடுத்தால்
நூறு வருஷத் தேக்கு தானாகப் பிடி விடும் என்று
அவள் சொன்ன பிறகுதான் கீழே கயிறு இழுப்பார்கள்.
இழுக்கிறவர்களுக்கு எழுநூற்றைம்பது.
அவளுக்குப் பொம்பளைக் கூலி, நானூறு.
செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணை
ஆயிரத்து நூற்று முப்பது.
எனக்கும் எழுநூத்தம்பது வேணும் என்று கேட்டாள்.
"ஆப்புக்கா?" என்று சிரித்தார் மெய்யநாதன்.
நாங்களும் சிரித்தோம். நானும்.

சனிக்கிழமை விடியக்காலம்
இரண்டு லாரி தார்ப்பாயோடு வந்து நின்றது.
முற்றத்தில் அடுக்கிய இருநூற்று ஆறு உருப்படியிலும்
ஓர் எண் இல்லை.
ஈரத்துணி போன தடம் மட்டும்
கருப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது.
பெண்கள் பதினாலு பேரும்
லாரி நிழலில் தூக்குவாளியைத் திறந்து
நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, கையில் கட்டோடு அடைக்கலம்.

"ஒவ்வொரு கழுந்தும் அதது துளையிலதான் இறங்கும்," என்றாள் ராக்கு,
வெங்காயத்தைக் கடித்தபடி.
"எது எங்க இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும்.
எழுதச் சொல்லுங்க, சொல்றோம்."

அவர் போலீஸ் என்றார்.
பீகாரிலிருந்து ஆள் இறக்குவேன் என்றார்.
அவங்க தூக்குவாங்க, என்றாள் அவள்.
வெயில் முகப்புக் குறட்டுக்கு ஏறியது.
லாரி டிரைவர் வெயிட்டிங் சார்ஜ் கேட்டான்.
அப்புறம்தான் காதில் விழுந்தது,
அந்த வாயிலிருந்து முதல் தடவையாக:
"ராக்கம்மா, கொஞ்சம் இப்படி வா."
அவள் போகவில்லை. தூக்குவாளியைக் கழுவினாள்.

என் போனில் இருநூற்று ஆறு படம் இருக்கிறது.
எண் எழுதிய அன்றே எடுத்தது,
எதற்கும் இருக்கட்டும் என்று.
அவருக்குத் தெரியாது.
அவளுக்குத் தெரியும்.
இரண்டாங்கட்டு இருட்டில்
எனக்கு டார்ச் பிடித்தவள் அவள்தான்.

கழுவிய தண்ணீரை வீசிவிட்டு
ஒரு தடவை என்னைப் பார்த்தாள்.
கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை.
ஒரு மரத்தைத் தட்டுவதற்கு முன்னால் பார்ப்பாளே, அப்படி.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது.
இருபதடி தள்ளி நின்று அவர்தான் கூப்பிடுகிறார்.
மணி எட்டரை.
நோட்டு மடியில் திறந்திருக்கிறது.
கடைசி வரியில்
இன்னும் எதுவும் வைக்கவில்லை.