வழக்குச் சொத்து

கிருஷ்ணகிரி டோல்கேட் தடுப்பை
முறித்துக்கொண்டு போனான் திம்மராயன்.
திருட்டு பொலிரோ.
பின்னால் ஜீப்பில் நான்,
ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருஷம்.

காவேரிப்பட்டணம். காரிமங்கலம்.
வாக்கியில் எஸ்.ஐ. கத்துகிறார்: விடாதே.
தொப்பூர் இறக்கத்தில்
பிரேக் கருகும் வாடை;
அவனுடையதா, என்னுடையதா,
அதுகூடத் தெரியவில்லை.
குறுக்கே மாங்கூழ் லாரி.
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மிதித்தோம்.
என் முழங்கால் அங்கே போனது.

உள்ளே இருந்த நூற்றுப் பதினோரு நாளே
தண்டனை என்றார் நீதிபதி.
அபராதம் ஆயிரம்.
அடுத்த கட்டைப் பிரித்தார்.

கோர்ட் வாசல் டீக்கடையில்
"கால் எப்படி இருக்கு சார்?" என்றான்.
அறையத்தான் கை எழுந்தது.
"மழைன்னா வலிக்குது" என்றேன்.

வண்டிக்குத்தான் இன்னும் விடுதலை இல்லை.
ஸ்டேஷன் பின்புறம், டயர் இறங்கி,
பானட்டுக்குள் குளவி கூடு கட்டி.
மாதம் ஒருநாள்
பாலக்கோட்டிலிருந்து வருகிறார்
தக்காளி மண்டி முனிரத்தினம்,
சட்டைப்பையில் தவணை ரசீதோடு.
"கையெழுத்து ஆகலை" என்கிறார் ரைட்டர்.

சரி என்று தலையாட்டி,
கதவைத் திறந்து உட்கார்ந்து,
ஹாரனை ஒரு தரம் அழுத்துகிறார்.

சத்தம் வருவதில்லை.
நான் நொண்டிப்போய் கேட்டைத் திறந்துவிடுகிறேன்,
அவர் நடந்து போக.