தண்ணீர்க் கணக்கு

குரே நகரில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள் நான்.
துறைமுகத்தில் தொடங்கி மலையேறும் படிகளில்
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு வாசலிலும் குனிகிறேன்.
வணக்கம் சொல்வதாக நினைத்து
பதிலுக்குக் குனிகிறவர்களும் உண்டு.

சில இரும்பு மூடிகள் மிகப் பழையவை.
துருவைச் சுரண்டினால் நங்கூரம் தெரியும்.
மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதினேன்.
இன்னும் உடையவில்லையே என்கிறது அலுவலகம்.

மலைக்குப் பின்னால் இருக்கும் அணை
போர்க்கப்பல்களின் கொதிகலன்களுக்காகக் கட்டியது.
மிஞ்சினால் ஊருக்கு.
அந்தக் கடற்படை மூழ்கி எழுபது வருஷம் தாண்டிவிட்டது;
மிச்சம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.
அதில்தான் அரிசி களைகிறோம்,
அதில்தான் பிள்ளைகளின் காது கழுவுகிறோம்.

நூற்று எண்பத்து நான்காவது படியில் ஷிஷிதோவின் வீடு.
கடல் பக்கம் ஜன்னல் கிடையாது.
துறையில் என்ன கட்டுகிறார்கள் என்று
யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற காலத்தில்
அவருடைய அப்பா அடைத்த சுவர்.
ரயில் இந்த ஊரைக் கடக்கும்போது
கடலோரப் பலகைகளை இறக்கிவிடுவார்களாம்;
வியர்த்தபடி, இருட்டில்,
சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போவார்களாம் பயணிகள்.
இப்போது திறக்கலாமே என்றேன்.
"கொத்தனார் கூலி தெரியுமா உனக்கு?"
கப்பல் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் பற்றவைத்தவர்.
டீக்கடையில்கூட
கடலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.

வெள்ளிக்கிழமை மதியம் தெருவெங்கும் கறி மணக்கும்.
நடுக்கடலில் கிழமை மறந்துபோகாதிருக்க
மாலுமிகளுக்கு வெள்ளிதோறும் அதுதான் சோறு.
பழக்கம் கரையேறிவிட்டது.
'காரே' என்கிறோம்.
எந்தக் கரையில் ஏறிய சொல்லோ,
எத்தனை கப்பல் மாறியதோ,
வாலை எங்கே தொலைத்ததோ.
கேட்பதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது.

அம்மாவின் அக்கா நோபுயே
படைக்கலச் சாலையில் திருகாணி எண்ணியவள்.
பதினாறு வயது.
குண்டு விழுந்த அன்று
சுரங்க வாசலில் வரிசையில் நின்றாள்.
வரிசை உள்ளே போய்க்கொண்டிருந்தது.
அவள் முறை வரவில்லை.
இதற்குமேல் அம்மா சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

பிறகு அந்த ஜூலை.
மூன்று நாள் மழையில் மலை அவிழ்ந்து
தெருவுக்குள் வந்து படுத்துக்கொண்டது.
குழாய்கள் முறிந்தன.
ஊர் முழுக்க என் மீட்டர்கள் செத்துக் கிடந்தன.

சாம்பல் நிறக் கப்பல் தண்ணீரோடு வந்தது.
வேறு படை, வேறு பெயர், அதே துறை.
கேன்களோடு வரிசையில் நின்றோம்.
வெயில். யாரும் பேசவில்லை.
முன்னால் நிற்பவர்களை எண்ணினேன்,
எண்ணுவதை நிறுத்த முடியவில்லை.
என் முறை வந்தது.
குழாய் பிடித்த பையனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்,
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
"நிரம்பிவிட்டது அக்கா" என்றான்.
நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன்;
மூடியை இறுக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஷிஷிதோ இறங்கி வரவில்லை.
அவருக்கும் ஒரு கேன் தூக்கிக்கொண்டு ஏறினேன்.
"எங்கே பிடித்த தண்ணீர்?"
"கப்பலில்."
ஒருமுறை கொதிக்கவைத்தார்.
யோசித்தார்.
மறுபடி கொதிக்கவைத்தார்.
அப்புறம் டீ போட்டார், இரண்டு கோப்பை.

குழாயில் தண்ணீர் திரும்பிய நாளில்
முதலில் வந்தது காற்று.
செங்குத்தான படிகளுக்கு அடியில்
அடைபட்டிருந்த காற்று முழுக்க
சீறிக்கொண்டு மேலே ஏறியது.
ஷிஷிதோ வீட்டு மீட்டர் பித்துப்பிடித்துச் சுற்ற,
சொட்டுத் தண்ணீர் வருமுன்னே
இரண்டு எண் ஓடிவிட்டது.
கழித்துத்தர விதியில்லை என்றது அலுவலகம்.

காற்றுக்கும் சேர்த்து ரசீது கொடுத்தேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.
கட்டிவிட்டார்.