ஐந்தேகால்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாய்களுக்கு முன்
இன்றைக்கு முதலாவதாக ஒரு குதிரையின் வாய்.

மல்லாவிச் சந்தி தாண்டி
கலியாண மண்டபத்துப் பின்வளவில்
பாலை மரத்தில் கட்டியிருந்தான் உதயசீலன்.
நுவரெலியாவில் ஓடி ஓய்ந்தவள்.
இனி மாப்பிள்ளைமாரைச் சுமக்க வேண்டும்.
"பல்லு மிஸ், ஒருக்காப் பாருங்கோ,
கடிவாளத்தைப் போட்டா
தலையை வானத்துக்கு எறியிறாள்."

சாக்கை உதறினான். நாலு இரும்பு.
ஒன்று முறுக்குக் கம்பி.
ஒன்று நடுவில் மூட்டு வைத்து மடிவது.
ஒன்றுக்கு இரண்டு பக்கமும் நீளக் கை,
தாடைக்குக் கீழே இறுக்கச் சங்கிலி.
நாலாவது துணுக்காய்ப் பட்டறையில் அடித்தது;
எது உருகி இதுவானது என்று
எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை.

வேலிக்கு வெளியே மாட்டோடு நின்ற பரஞ்சோதியர் சொன்னார்:
"மூக்கைக் குத்தி நாணயக்கயிறு போடு தம்பி,
அலுவல் முடிஞ்சுது."

உதட்டோரம் பெருவிரலை நுழைத்தேன்.
முன்பல் முடிந்த இடத்துக்கும்
கடைவாய் தொடங்கும் இடத்துக்கும் நடுவே
பல்லே முளைக்காத ஒரு வெளி.
எலும்பு, அதன்மேல் ஈரமான மெல்லிய தோல்.
நில், திரும்பு, ஓடு எல்லாம்
இந்த நாலு விரற்கடைக்குள்தான் போய் விழுகிறது.

நாக்கின் குறுக்கே ஒரு பழைய கோடு.
இடப்பக்க மேல்வரிசைக்கு முன்னால்
நெல்முளை போல ஒரு பல்.
மெல்லவும் உதவாது, கடிக்கவும் உதவாது.
மூட்டு இரும்பு இழுபடும்போதெல்லாம்
அதிலேதான் இடிக்கும்.

"நீங்களே பிடுங்குவீங்களே?"
"என்ர கதிரை காணாது.
வவுனியாவிலயிருந்து மாட்டு டொக்டரைக் கூப்பிடு."

பட்டம் விடுகிற நூலை வாய்க்குள் குறுக்கே பிடித்து
உதட்டோரம் இரண்டிலும் முடிச்சுப் போட்டேன்.
ஐந்து அங்குலம்.
கன்னத்தைக் கிள்ளாமலிருக்க இன்னும் ஒரு கால்.
தடித்த இரும்புதான் இதமென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் அவனுக்கு.
இவளுக்கு நாக்கே வாயை நிரப்பிக் கிடக்கிறது,
தடிப்பை எங்கே வைப்பது?

"இதில ஒண்டும் சரிவராது, உதயன்.
பட்டறைக்குப் போ. சின்னிவிரல் மொத்தம்.
மூட்டு ஒண்டில்லை, ரெண்டு.
நடுவில புளியங்கொட்டை அளவில ஒரு துண்டு.
முனையெல்லாம் அரத்தால தேய்க்கச் சொல்லு,
முதல் உன்ர நாக்கில வைச்சுப் பார்.
மார்கழிப் பனியில கிடந்த இரும்பை
கமக்கட்டில வைச்சுச் சூடாக்காமல்
அவளின்ர வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாத.
பல்லுப் புண் ஆறுமட்டும் எதுவுமே வேண்டாம்."

"புதன்கிழமை கலியாணம் மிஸ். அட்வான்ஸ் வாங்கியாச்சு."
"மாப்பிள்ளை நடக்கட்டும்."

சிரித்தான்.
மூன்று இரும்பு சாக்குக்குள் போயின.
சங்கிலிக்காரனை மட்டும்
கொட்டில் ஆணியில், கைக்கெட்டும் உயரத்தில் மாட்டினான்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அவள் என் சட்டைக்கையை நக்கிக்கொண்டு நின்றாள்,
நூல்முடிச்சில் உப்பிருந்ததோ என்னவோ.
எட்டு மணிக்கு யோகபுரத்தில் மூன்றாம் வகுப்பு.
முதல் பிள்ளை வாயை இறுக்க மூடிக்கொண்டது.
கண்ணாடிக் கம்பியை
உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டிருந்தேன்
கொஞ்ச நேரம்.