பிழை: வெற்றி

ராத்திரி இரண்டே கால். மகாராஜநகரில்
தலையணைக்குக் கீழே போன் துடித்தது.
பழவூர்க் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து
சூசைமிக்கேல்.
"யக்கா, பிழைன்னு போட்டு
பக்கத்துலயே வெற்றின்னும் போட்டிருக்கு.
ஜெயிச்சமா தோத்தமா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் குரலுக்குப் பின்னால் காற்று கேட்டது.
கணவாய் வழியாக ஆனி மாதம் அனுப்புகிற காற்று,
யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதலாளி எண்ணுகிற காற்று,
பதினோரு காற்றாலைகளும் கைவிரித்து நிற்க
சும்மா போய்க்கொண்டிருந்தது
கடலுக்கு.

அந்த வரியை எழுதியவள் நான்.
மூன்று வருடம் முன்பு, டவுனில் தேரோட்டம்,
ரத வீதி அடைக்குமுன் வண்டியை எடுத்துவிட வேண்டும்
என்ற அவசரத்தில்.

லைப்ரரி எதையும் ஒளிக்கவில்லை.
எந்தக் கோப்பு, என்ன செய்யப் போனது, ஏன் முடியவில்லை
எல்லாம் சொல்லியிருக்கிறது.
ஆனால் சொன்னதைக் காத்து வைக்காது.
அடுத்த வேலை வருமுன் நாம் எழுதிக்கொள்ள வேண்டும்.
நான் முதலில் கோப்பை மூடினேன், மரியாதையாக.
மூடுவது நன்றாக நடந்தது.
அப்புறம் திரும்பி, என்ன காரணம் என்றேன்.
கடைசியாக நடந்ததைச் சொன்னது:
வெற்றி.
பொய் இல்லை. கேட்ட நேரம் தப்பு.

மடிக்கணினி விழிக்கும்வரை அவனிடம் கேட்டேன்,
ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறாய் என்று.
வாசித்தான்:
"ஒண்ணு அம்பத்திரெண்டு. எல்லாம் நின்னுட்டு.
கரண்ட் இருக்கு. ஒயர எலி கடிக்கல, பார்த்தாச்சு.
போன மாசம் ஏழாம் நம்பர் நின்னது வேற,
அன்னைக்குப் பிரேக் பெட்டிக்குள்ள ஓணான்.
இது ஓணான் இல்ல."

நாற்பதாயிரம் வரி எழுதியிருக்கிறேன்.
இது ஓணான் இல்லை என்கிற அளவுக்குக்கூட
அதில் ஒரு வரி எதையும் சொன்னதில்லை.
"துவக்க இயலவில்லை." "ஏதோ தவறு நேர்ந்தது."
"நிர்வாகியை அணுகவும்."
அந்த நிர்வாகி பாயில் உட்கார்ந்து
கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வரிகளை இடம் மாற்றினேன், அவ்வளவுதான்.
காரணத்தை முதலில் கையில் வாங்கு, கதவை அப்புறம் சாத்து.
மறுபடி ஓட்டியதும் வந்தது:
பதிவுக் கோப்பில் எழுத முடியவில்லை, இடமில்லை.

எதனால் நிறைந்தது என்று திறந்தால்
நலம், நலம், நலம், நலம்,
விநாடிக்கு ஒன்றாக மூன்று வருட நலம்.
அதையும் நான்தான் எழுதச் சொல்லியிருந்தேன்.
பழையதை அழித்தேன். மூன்று நாற்பதுக்கு
போனில் ஒரு முனகல், பிறகு இன்னொன்று,
"நாலாம் நம்பர் திரும்புதுக்கா" என்றான்.

விடியும்வரை அடியிலிருந்து மேலே ஒவ்வொரு அடுக்காகப் போய்
வாங்கிய சேதியை விழுங்கிவிட்டு
முடியவில்லை என்று மட்டும் மேலே அனுப்பிய இடங்களைத் திருத்தினேன்.
அறுபத்து மூன்று இடங்கள்.
கோப்பின் பெயர், நேரம், லைப்ரரி சொன்ன சொல்
மாறாமல், சுருங்காமல், நல்ல தமிழில்.
பெருமையாகத்தான் இருந்தது.

ஆடி பத்து வாக்கில் மறுபடி போன்.
"யக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்கு.
வட்டில் இடமில்லைன்னு போட்டிருக்கு.
எந்த வட்டில்?
நான் சாப்பிட்டுக் கழுவியே கவுத்தாச்சே."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
வெளியே பதினொன்றும் நின்றுகொண்டிருந்தன.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று மாற்றினேன்.
எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது
என்று இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.
இப்போது வாசி என்றேன்.
மெல்ல, வார்த்தை வார்த்தையாக வாசித்தான்.
பாதியிலேயே
போனை மேசையில் வைக்கும் சத்தம்,
நாற்காலி தள்ளும் சத்தம்.