அமரம் மாறிய கோடை

பத்தொன்பது கோடைகள்
அணியத்தில் நான், அமரத்தில் நீ.
நடுவே கூடாரம், ஓட்ஸ், உப்புக்கண்டம்,
அடி கருகிய கெட்டில்,
நனையாமல் உறை போட்ட
வட ஒன்டாரியோவின் வரைபடம்.

கனூவில்
முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் இருப்பவன்
ஒரு சத்தம், அவ்வளவுதான்.
துடுப்பு எழும்போது மூன்று சொட்டு,
நான்காவது விழுமுன் அடுத்த வீச்சு.
அதை வைத்தே சொல்லிவிடுவேன்
உனக்குப் பசியா, கோபமா,
கரையில் எதையோ பார்த்து
கையை மறந்துவிட்டாயா என்று.

பாறை சொல்வது என் வேலை.
இடம். வலம்.
நேரே, லோர்ன், நேரே.
வீட்டில் இத்தனைச் சுருக்கமாக
நாம் எதற்கும் ஒத்துப்போனதில்லை.

எட்டாவது கோடையோ ஒன்பதாவதோ
நாளெல்லாம் துழாவி
ஒரு தீவைச் சுற்றிக்கொண்டு
காலையில் அணைத்த சாம்பலுக்கே வந்து சேர்ந்தோம்.
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்தது யார்
என்ற வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.
அன்றிரவு பேச்சில்லை.
ஆனால் கரடிக்கு எட்டாமல்
உணவுப் பையைக் கிளையில் ஏற்ற
இரண்டு பேர் வேண்டும்.
பேசாமலே கயிற்றை இழுத்தோம்.
பை ஆடி ஆடி
பெரிய மனுஷியைப் போல் மேலே போயிற்று.
நீதான் முதலில் சிரித்தாய்.
இல்லை, நான்.

இன்னொரு கோடையில் மூன்று நாள் விடாத மழை.
சீட்டுக்கட்டில் இஸ்பேட் ராணியைக் காணோம்.
தீப்பெட்டி அட்டையைக் கிழித்து
ராணி என்று எழுதினோம்.
யார் கையில் அவள் இருக்கிறாள் என்பது
இருவருக்கும் தெரிந்த ஆட்டம் அது.
அப்படியும் நீ தோற்றாய்.

ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை
காட்டுக்குள் சுமைவழி.
கனூவைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடப்பாய்,
கால் முளைத்த சிவப்பு மீன்.
மூட்டைகளோடு பின்னால் வரும் எனக்கு
உன் முழங்கால் மடிப்பும்
அதிலுள்ள கொசுக்கடிகளும் மனப்பாடம்.

பிப்ரவரியில்
வாசலில் பனி வாரும்போது சறுக்கினாய்.
வலத்தோளுக்குள் இரண்டு திருகாணி.
கனூ என்றதும் மருத்துவர்
காதில் விழாதவர் போல் எழுதிக்கொண்டிருந்தார்.
ஜூலையில், படகுத்துறையில்,
"அமரத்தில் நீ உட்கார்" என்றாய்,
உப்பை எடு என்பது போல.

முதல் நாள் நான் ஓட்டியது
குடிகாரன் வீடு திரும்பும் கோடு.
வீச்சின் முடிவில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்;
பார்த்திருந்தால் கற்றிருப்பேன்.
உனக்குத்தான் முதுகு காட்டி வந்தேனே.
நீ திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பாமலிருக்க
உன் கழுத்து பட்ட பாட்டைப் பார்த்தேன்.

ஆம், கழுத்தை.
ஏரிமேல் உன் பிடரியை
இந்த வயதில்தான் பார்க்கிறேன்.
முடிவெட்டுபவன் விட்டுப்போன ஒரு கீற்று.
காதுக்குப் பின்னால் கருஈ கடித்து
உறைந்த ரத்தம்.
ஒரு தோள் மற்றதைவிட இறங்கி,
ஒற்றைக் கையால் பை தூக்குபவனைப் போல்.
இத்தனை ஆண்டு நீயும்
என்னைப் பற்றி இப்படியொரு கணக்கு
வைத்திருப்பாய்.
கேட்கவில்லை.

உனக்குப் பாறை சொல்ல வரவில்லை.
"பாறை!" என்கிறாய்,
எந்தப் பக்கம் என்பதற்குள் அடிவயிற்றில் சர்ரென்ற கீறல்.
நம் சிவப்பில் கொஞ்சம்
அந்தக் கல்லில் இருக்கிறது.

பெயரில்லாமல்
எண் மட்டும் உள்ள ஏரியில் சாயங்காலம்.
லூன் பறவை ஒன்று கூவி
எதிர்க்கரையிலிருந்து தன் குரலையே வாங்கிக்கொண்டது.
நீ துடுப்பை மடியில் வைத்துவிட்டாய்.
நானும் நிறுத்தினேன்.
கனூ தானாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஈர்யா, இருக்கிறாயா?"

பத்தொன்பது ஆண்டுகளில்
நான் கேட்டதேயில்லை இதை.
துடுப்பை நனைத்துத் தூக்கிப் பிடித்தேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதை ஒரு கொசு கெடுத்தது,
என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன்.

நாளைக்கு எண்ணூறு மீட்டர் சுமைவழி,
பாதி சதுப்பு.
கனூவை யார் தூக்குவதென்று
இன்னும் நாம் பேசவில்லை.